நீர்மூழ்கியிலிருந்து வந்ததாக நினைத்த தந்தி

1971 டிசம்பர் 9, வியாழன், காலை 7.20. வங்காளத் தலைநகரில் நாங்கள் இருந்த லேக் கார்டன்ஸ் பகுதி முழுக்க மூடுபனி. தந்தி வந்தது: "நலம். கவலை வேண்டாம்." அனுப்பியவர் என் தங்கை சரோஜாவின் கணவர் செல்வம், நீர்மூழ்கியில் ரேடியோ ஆபரேட்டர். போர் தொடங்கியபின் அவரிடமிருந்து வந்த முதல் செய்தி. என் வீட்டில் தங்கியிருந்த சரோஜா அதைப் படித்ததும் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நாங்கள் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காள அம்மா சந்தேஷ் இனிப்புத் தட்டோடு மேலே வந்தார். "பாலோ கபோர், காந்த்சோ கேனோ?" நல்ல செய்திக்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கும் புரியவில்லை.

"பேசினா மாட்டிக்குவாங்கன்னு நீதானண்ணே சொன்ன. இப்ப பேசிட்டாரே."

உண்மைதான். நான் கார்டன் ரீச் கப்பல் தளத்தில் ரேடியோ பழுதுபார்ப்பவன். முந்தின ஞாயிறு, ஆறுதலாக இருக்கட்டும் என்று எல்லாம் விளக்கியிருந்தேன். தண்ணீருக்குள் ஷார்ட்வேவ் போகாது. மிக நீண்ட அலை மட்டும் கொஞ்சம் இறங்கும்; அதில் கேட்கலாம், பேச முடியாது. கரை ஸ்டேஷன் செய்திகளுக்கு வரிசை எண் போட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பும், பதில் எதிர்பார்க்காது. பதில் சொல்ல ஏரியல் தண்ணீருக்கு மேலே வரவேண்டும். மோர்ஸ் கீயைத் தட்டினால் எதிரி திசையைப் பிடித்துவிடுவான். "சத்தமே இல்லன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தம்" என்று முடித்திருந்தேன். நான்கு நாளாக அவள் அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

தந்தியின் தலைப்பைக் காட்டினேன். "விசாகப்பட்டினம்னு போட்டிருக்கு பாரு. கரைக்கு வந்துட்டாரு."

"அவரு ரேடியோவில சொல்லி, கரையில யாராவது அனுப்பியிருந்தா?"

அப்படி நடக்க வழியில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

சரோஜாவைத் தெருமுனைத் தமிழ் மளிகைக் கடைக்குக் கூட்டிப்போய், விசாகப்பட்டினத்தில் அவளும் செல்வமும் இருக்கும் கடற்படைக் குவார்ட்டர்ஸின் பக்கத்து வீட்டுக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் புக் செய்தேன். செல்வத்தின் வேலை தெரிந்த கடைக்காரர் சிரித்தார். "என்ன சார், தண்ணிக்குள்ள மணி அடிக்குமா?" சரோஜாவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

பதினொன்றே காலுக்கு லைன் கிடைத்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்க நிக்கீங்க?"

டிரங்க் காலில் எல்லோரும் கத்துவார்கள். அதனால் செல்வத்தின் பதில் எனக்கும் கேட்டது. "பக்கத்து வீட்டுல. கூப்பிட்டாங்கன்னு செருப்புகூட போடாம ஓடி வந்தேன். தரை சில்லுன்னு இருக்கு, சரோ."

"அப்ப அங்கேயே நில்லுங்க," என்றாள். மூன்று நிமிடம் முடிந்தும் ரிசீவரைத் தரவில்லை. நீட்டிக்கச் சொல்லி, ஆபரேட்டருக்குக் கேட்கும்படி நான் கத்தினேன்.

ரேடியோ தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயந்திருப்பவரிடம் பாதி டெக்னிக்கல் சொல்லாதீர்கள். "துறைமுகத்துக்கு வந்தால் தாராளமாகப் பேசுவார்" என்ற ஒரு வரியை நான் விட்டுவிட்டேன். அதற்கு ஆன செலவு, நீட்டித்த நிமிடங்களையும் சேர்த்து, முப்பத்தெட்டு ரூபாய் நாற்பது பைசா.