லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஊர் பார்க்கிறார்

புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் நேராக மருந்துக்கடைக்குப் போகிறார். மாத்திரை வாங்க அல்ல. "இங்க அதிகமா விக்கிற மருந்து எதுங்க?" என்று கேட்க. வயிற்றுக் கோளாறுக்கானது என்றால் தண்ணீர் சரியில்லை. இருமல் மருந்து என்றால் தூசி. தூக்க மாத்திரை என்றால் ஊரில் ஏதோ விவகாரம் இருக்கிறது, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். ஒரு கடைக்காரர் வியாபாரமே இல்லை என்று அலுத்துக்கொண்டாராம். அந்த ஊரும் தேறவில்லை. வியாதி வந்தால் ஜனங்கள் வேறு ஊருக்கு ஓடுகிறார்கள் என்றுதானே அர்த்தம் என்று திரும்பி வந்து என்னிடம் விளக்கினார்.

எங்கள் கட்டடத்தில் அவர் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது. ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டர் சார்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு வணக்கம் வைப்பார்கள். அவரும் திருத்துவதில்லை. உண்மையில் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். லிஃப்ட் தாங்கும் எடைக்கு மேலேயே மணல் மூட்டைகளை ஏற்றி, மேலும் கீழும் ஓடவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டு, இது ஓடலாமா கூடாதா என்று சொல்வது உத்தியோகம். "நல்லா இருக்குன்னு ஒரு நாளும் எழுதினதில்ல. குறை தென்படவில்லைன்னுதான் எழுதுவேன்" என்பார். அவர் ஓடலாம் என்று சொன்ன லிஃப்டில் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. அந்தப் பெருமை நியாயமானதுதான். அதே கண்ணோடு ஊர் தேடக் கிளம்பியதுதான் வம்பாகப் போயிற்று.

தேடல் அவருக்காக அல்ல, அக்காவுக்காக. அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. அக்காவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. எங்கள் கட்டடத்திலோ லிஃப்ட் கிடையாது. போடலாம் என்று ஒருமுறை பேச்சு எழுந்தபோது, படிக்கட்டுப் பக்கம் இருந்த இடத்தை அளந்து பார்த்து, இது பத்தாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசி அதை நிறுத்திய புண்ணியவானும் சார்தான். ஆகவே நல்ல ஊராகப் பார்த்து, தரைத்தளத்தில் ஒரு வீடு எடுத்துப் போய்விடுவது என்று முடிவாயிற்று. சார் ஓய்வு பெற்ற வாரமே அக்கா பாத்திரங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிவிட்டார். அவை இன்னும் கூடத்தில் அப்படியே இருக்கின்றன. ஒரு குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டில் குடித்தனம் நடக்கிறது. விருந்தாளி வந்தால் என் வீட்டுப் பாத்திரம் மேலே போகும். பிரித்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், "பிரிச்சா மறுபடி கட்டணுமே. இவர் நாளைக்கே கிளம்புன்னு சொல்லிட்டா?" என்பார் அக்கா. டாக்டரிடம் போவதைத் தவிர வேறெதற்கும் அவர் படி இறங்குவதில்லை. தெரு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

சார் எந்த ஊரையும் அது நன்றாக இருக்கும்போது போய்ப் பார்ப்பதில்லை. மழை ஊருக்கு அடைமழையில் போவார். வெயில் ஊருக்கு உச்சி வெயிலில் போவார். மலை ஊருக்குக் கடுங்குளிரில் போய், பல் கிட்டிப்போய் வந்து, குளிர் அதிகம் என்பார். கடலோர ஊரில் ஜன்னல் கம்பியைச் சுரண்டிப் பார்த்து, துருவை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினார். மகள் தன் ஊருக்கே வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். அங்கேயும் போய்த் தங்கிப் பார்த்தார். ஊர் பரவாயில்லை, மாப்பிள்ளைதான் தேறவில்லை. "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறார். சத்தமே வராத மெஷினை நான் நம்புறதில்ல" என்றார். பாவம், அந்தப் பையன் மாமனாருக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

போன மாதம் ஒரு சின்ன ஊருக்குப் போனவர் பேயறைந்த முகத்தோடு திரும்பினார். என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்க் கேட்டோம். ஒன்றும் ஆகவில்லையாம், அதுதான் பிரச்சினையாம். தண்ணீர் சுத்தம், காற்று சுத்தம், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே, வீடு தரைத்தளம், வீட்டுக்காரர்கூட நல்ல மனுஷன். அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எழுந்து போய் அட்டைப்பெட்டிகளின் கயிற்றை இழுத்துச் சரிபார்த்தார். சாருக்கோ சோறு இறங்கவில்லை. "குறையே தென்படலைன்னா நான் சரியாப் பாக்கலைன்னு அர்த்தம்" என்று மறுபடி போனார். அப்போதும் தென்படவில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று மூன்றாம் தடவையும் கிளம்பினார். அங்கே போய்ச் சேர்ந்து போன் செய்தார். அந்த வீட்டில் வேறு யாரோ குடி வந்துவிட்டார்களாம். சொன்ன குரலில் ஒரு நிம்மதி இருந்தது என்று அக்கா சொன்னார். எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பிறகு அக்கா, எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல்காரர் காலி செய்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதா என்று கேட்டார். வரவில்லை. அடுத்த நாளே பேசி முடித்து சாவி வாங்கினோம். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து அக்கா இறங்கினார். பெட்டிகளை நாங்கள் நாலைந்து பேர் இறக்கினோம்.

சார் திரும்பி வந்தபோது, தரைத்தளத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த வீட்டை நான் பாக்கவே இல்லையே" என்றார்.

"தெரியும். நீங்க பாத்திருந்தா எனக்குக் கிடைச்சிருக்காது" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. தெருமுனைவரை போய்விட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி தானாகவே வெளியே நடந்தார்.

சாருக்குக் கை சும்மா இருக்குமா? குழாய்களைத் திறந்து மூடினார். ஜன்னல்களை ஆட்டினார். சுவர்களைத் தட்டிக்கொண்டே போனவர் உள்ளறை மூலையில் நின்றுவிட்டார். தோள் உயரத்துக்கு ஈரம் ஏறி, சுவரின் வெள்ளைப்பூச்சு உப்பிப்போயிருந்தது. விரலால் அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. தேடிப் போன ஊரில் கிடைக்காதது இங்கே கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா கையில் ஒரு கட்டுக் கீரையோடு, மூச்சு வாங்க, சிரித்தபடி உள்ளே வந்தார்.

"அங்க என்ன பாக்கறீங்க?"

சார் திரும்பினார். வெள்ளைச் சட்டையோடு அந்த ஈரச் சுவரில் முதுகை நன்றாக ஒட்டிச் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.