வாங்குவதற்கு முன்பே சரிசெய்த மார்க்கர்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவருக்கு ‘ஐஸ்’ என்று பட்டப்பெயர் வைக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவையில்லை. ஆனால் ஐஸண்ணனுக்கு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. “இந்தப் பெட்டிய வாங்கினது உங்க தப்பு” என்று வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லுவார். சொல்லிவிட்டு, அந்தத் தப்பை அரை மணி நேரத்தில் சரிசெய்தும் கொடுப்பார்.

நாற்பத்தொரு வயது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள், இடது முட்டியில் வலி. இந்தச் சொத்துகளோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெயிண்ட்பால் ஆடப் போவார். காற்றடைத்த தடுப்புகளுக்குப் பின்னால் ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். சாயக் குண்டு மேலே பட்டு உடைந்தால் ஆள் வெளியே. “நம்ம பொண்ணுங்களே கலர் பென்சிலத் தொடுறதில்ல, நீங்க இன்னும் சட்டையெல்லாம் சாயமா வர்றீங்க” என்று மனைவி வாராவாரம் துவைக்கும்போது பாட்டுப் பாடுவார். ஐஸண்ணன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அணியின் கேப்டன் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். டயர் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வேலை. பேச்சிலேயே பந்தல் போடுகிற ஆள். ஐஸண்ணனை மைதானத்துக்கு முதன்முதலில் இழுத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான். கல்யாண வீடானாலும் காது குத்தானாலும் இரண்டு சகலைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து மாமனாரைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள். கூடப் பிறந்தவன் இல்லாத குறை ஐஸண்ணனுக்கு அதில் தீர்ந்திருந்தது.

நான்கு வருடமாக மைதானத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மார்க்கரை வைத்துத்தான் ஆடினார். மார்க்கர் என்பது குண்டை அடிக்கிற கருவி. அதைத் துப்பாக்கி என்று சொன்னால் ஆட்டக்காரர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாடகை மார்க்கர் பொழுதுபோக்குக்குப் போதும், போட்டிக்கு ஆகாது. வருடாந்தரப் போட்டியில் சொந்த மார்க்கர் இருக்கிறவர்களுக்குத்தான் இடம். ஐஸண்ணன் மூன்று போட்டிகளிலும் வெளியே நின்று, மற்றவர்களின் குழாய்களில் குண்டு நிரப்பிக் கொடுத்தார். இந்த வருடம் அணியின் ஐந்தாவது ஆட்டக்காரர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். இடம் காலி.

“சகலை, நீ ஒரு நல்ல மார்க்கர் வாங்கிடு. அஞ்சாவது ஆளு நீதான்” என்றார் கேப்டன்.

அந்த ஒரு வார்த்தையில் ஐஸண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. முட்டி இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? ஒரே ஒரு தடவையாவது கோட்டுக்கு உள்ளே நின்று ஊதலைக் கேட்டுவிட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கடைக்குப் போனார். போட்டிக்கென்றே செய்த புது மார்க்கரின் விலையைக் கேட்டதும், கையிலிருந்ததைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் மெதுவாகக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தார். அவர் கைக்கு எட்டிய புதுச் சரக்கு, மின்சாரம் இல்லாத, ஓர் இழுப்புக்கு ஒரு குண்டு அடிக்கிற சாதாரண மார்க்கர். எதிராளி நொடிக்குப் பத்துக் குண்டு அடிக்கும்போது இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆக, பழசுதான் வழி.

பழசு வாங்குவதில் ஐஸண்ணனை ஏமாற்ற முடியாது. பளபளப்பைப் பார்க்க மாட்டார். குண்டு உள்ளே விழுந்ததைப் பார்த்துச் சொல்லும் சின்ன மின்கண்கள் வேலை செய்கின்றனவா, உதிரி பாகம் இன்னும் கடையில் கிடைக்கிறதா, காற்று எங்கே கசிகிறது என்றுதான் பார்ப்பார். வாயுவோடு இருபது வருடம் குப்பை கொட்டிய காது அது. நான்கு மார்க்கர்களைப் பார்த்துக் கழித்துவிட்டு, ஐந்தாவதாக ஓர் அச்சகக்காரர் வீட்டில் அதைக் கண்டார். சாயம் உரிந்து, பிடியில் கறுப்பு டேப் சுற்றி, பார்க்கவே சகிக்காது. ஆனால் உள்ளே முதல் தரம். காற்று புஸ்ஸென்று கசிந்ததால் அச்சகக்காரர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடத் தயாராக இருந்தார்.

இங்கேதான் ஐஸண்ணன், ஐஸண்ணன் மட்டுமே செய்யக்கூடிய அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தார். வேறு யாராக இருந்தாலும் கசிவைக் காட்டி விலையை இன்னும் குறைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்திருப்பார்கள். இவருக்குக் கசிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியாது. பையைத் திறந்தார், மார்க்கரைக் கழற்றினார், தேய்ந்துபோன இரண்டு ரப்பர் வளையங்களை மாற்றினார், மசகு தடவினார், மூடினார். சத்தம் நின்றது. அச்சகக்காரரின் மனைவி கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு, “சம்பளம் வந்ததும் சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அணியில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய மார்க்கர் வாங்குகிறவர் கேப்டனிடம் சொல்ல வேண்டும். கேப்டன் போய்ப் பத்துக் குண்டு அடித்துப் பார்த்துச் சரி என்றால்தான் வாங்கலாம். ஐஸண்ணன் அன்றைக்கே சகலைக்குப் போன் போட்டு முகவரியைக் கொடுத்தார். சகலை வியாழக்கிழமை போய் அடித்துப் பார்த்துவிட்டு, “தங்கம் சகலை, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்” என்றார்.

சனிக்கிழமை ஐஸண்ணன் பெரிய மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அச்சகக்காரர் வாசலிலேயே தலையைச் சொறிந்தார்.

“நேத்து ஒருத்தர் வந்து கூடக் குடுத்து எடுத்துட்டாருங்க. கசிவு வேற நின்னுபோச்சா, எனக்கும் சரின்னு பட்டுது. உங்ககிட்ட முன்பணம் எதுவும் வாங்கலையே.”

யார் என்று கேட்டதற்கு, பெயர் தெரியாது என்றார். சகலையிடம் சொன்னபோது அவர் உச்சுக்கொட்டி வருத்தப்பட்டார். “விடு சகலை, உனக்கு அதிர்ஷ்டம் இல்ல. இப்போதைக்கு அந்தச் சாதா மார்க்கரையே வாங்கி வெச்சுக்க. பேரு லிஸ்ட்ல இருக்கும்.” ஐஸண்ணன் நம்பினார். கடைக்குப் போய் அதையே வாங்கினார்.

போட்டியன்று பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இருந்தது, மாற்று ஆட்டக்காரர் என்று. ஐந்தாவது இடத்தில் சகலையின் அலுவலக மேனேஜர். புதுச் சட்டை, புது முகமூடி. கையில், உரிந்த சாயத்தை மறைத்துப் பளபளவென்று மெருகேற்றிய ஒரு மார்க்கர். அவர் அதைச் சுட்டுப் பார்த்ததும் ஐஸண்ணனுக்குப் புரிந்துவிட்டது. தன் கையால் மூடிய கருவியின் சத்தம் அவருக்குத் தெரியாதா? அடுத்த மாதம் சகலைக்குப் பதவி உயர்வு வரலாம் என்று மனைவி சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு யாராவது செய்திருந்தால் சண்டை போட்டிருப்பார். சகலையைப் பார்த்து என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

சகலை கண்ணைப் பார்க்காமல் வந்தார். “கடைசி நேரத்துல அவரே கேட்டுட்டாரு, என்ன பண்றது சொல்லு? ஆபீஸ் விவகாரம். நம்ம ஆளு நீ, புரிஞ்சுக்குவே.”

“புரியுது” என்றார் ஐஸண்ணன்.

ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொரு மார்க்கரின் குண்டு வேகத்தையும் அளந்தார். நொடிக்கு முந்நூறு அடியைத் தாண்டக் கூடாது. மேனேஜரின் முதல் குண்டு முந்நூற்று முப்பது காட்டியது. சகலை திருகாணியைக் குறைத்தார், மறுபடியும் தாண்டியது. “பத்து நிமிஷம். சரி பண்ணலன்னா மாத்து ஆட்டக்காரர இறக்குங்க” என்றார் நடுவர்.

சகலை மார்க்கரைத் தூக்கிக்கொண்டு ஐஸண்ணனிடம் ஓடி வந்தார். “சகலை, கொஞ்சம் பாரேன்.”

கையில் வாங்கியதுமே ஐஸண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. மெருகேற்றியவர்கள் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குள் எண்ணெயைக் கொட்டியிருக்கிறார்கள். திருகாணியை எவ்வளவு திருகினாலும் அடங்காது. “போச்சு, பாகம் மாத்தணும்” என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவருடைய சாதா மார்க்கர் பையில் தயாராக இருந்தது. பத்து நிமிடம் கழித்து அவர் கோட்டுக்கு உள்ளே நிற்பார்.

ஐஸண்ணன் ஒரு நிமிடம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கழற்றினார். துடைத்தார், காயவைத்தார், மூடினார். நடுவரின் அளவி இருநூற்று எண்பத்தெட்டு காட்டியது.

“எனக்குத் தெரியும், நீ செய்வேன்னு” என்று சகலை அவர் முதுகில் தட்டினார். சிரித்துக்கொண்டேதான் தட்டினார். இடம் போனதைவிட, மார்க்கர் போனதைவிட, அந்தத் தட்டல்தான் ஐஸண்ணனுக்கு அதிகமாக வலித்தது.

மேனேஜர் நன்றி சொல்ல வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். “ரொம்ப உதவி சார். உங்களுக்கு ஆடுறதுல இஷ்டமே இல்ல, ரிப்பேர்தான் பிடிக்கும்னு உங்க சகலை சொன்னாரு. அதனாலதான் நான் தைரியமா சேர்ந்தேன்.”

“எனக்கு ஆடத்தான் சார் ஆசை” என்றார் ஐஸண்ணன். “நாலு வருஷமா.”

மேனேஜரின் முகம் மாறியது. திரும்பிச் சகலையைப் பார்த்தார். சகலை அந்தப் பக்கம் முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தார். “அப்புறம் ஏன் சார் சரி பண்ணிக் குடுத்தீங்க?” என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார்.

அதற்குள் ஊதல் அடித்துவிட்டார்கள். ஐந்து பேரும் உள்ளே ஓடினார்கள். ஐஸண்ணன் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சாலைக்கு வந்து பஸ் ஏறினார்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டும்போது சகலையிடமிருந்து போன் வந்தது. எங்கே போனாய், ஏன் போனாய் என்று கேட்பார், திட்டவாவது செய்வார், தானும் மனசில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடலாம் என்று ஐஸண்ணன் எடுத்தார்.

“சகலை, முதல் ஆட்டம் ஜெயிச்சுட்டோம். மிச்சக் குண்டு எந்தப் பைல இருக்கு?”

“நீலப் பைல” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சகலை சரி என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஐஸண்ணனுக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வீடு வரும்வரை அழுதார்.