பச்சைப் பட்டை இல்லாத சீட்டு

இன்று நான் சந்தித்தது சுலேமா அக்காவை. எல் ஆல்ட்டோ நகரில் கண் மருத்துவமனைக்கு எதிரே நீலத் தார்ப்பாய்க் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். மருத்துவமனையின் இணையப் பக்கத்தைத் திறந்து, முன்பதிவுச் சீட்டை அச்சடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு.

மை விஷயத்தில் மகா கஞ்சம் என்று தெருவே கேலி பேசும். பிரிண்ட் கொடுக்குமுன் 'பின்னணி நிறங்கள்' என்ற கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொள்வார். "கலரைப் பாத்தா டாக்டர் வைத்தியம் பண்றாரு?" என்பார். அதனால்தான் அவரிடம் விலை குறைவு, கூட்டம் அதிகம்.

இந்த வருடம் அந்தப் பக்கத்தை மாற்றினார்கள். சீட்டு செல்லும் என்பதற்கு அடையாளமான பச்சைப் பட்டையைப் பின்னணி நிறமாக வைத்துவிட்டார்கள். திரையில் பளிச்சென்று தெரியும். சுலேமா அடித்தால் தாளில் வெறும் வெள்ளை.

மாற்றிய மறுநாளே அன்செல்மோ வந்தார். மனைவி பெலிப்பாவுக்கு அன்று கண்புரை ஆபரேஷன். பியூனஸ் அயர்ஸில் வேலை பார்க்கும் மகள் பதிவு செய்திருந்தாள். வரிசையில் தன் இடத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு ஓடி வந்திருந்தார்.

"சீக்கிரம் அடிச்சுக் குடு தாயி. கல்லு காத்துக்கிட்டிருக்கு."

"உங்க கல்லு எங்கயும் ஓடாது, மாமா."

மருத்துவமனை வாசலில் காவலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பச்சை எங்க?"

"எந்தப் பச்சை? பேரு இருக்கு, நம்பர் இருக்கு, இதோ ஆளே இருக்கு."

"பச்சை இல்லன்னா செல்லாது பெரியவரே. அடுத்த ஆளு வாங்க."

அன்செல்மோ கடைக்குத் திரும்பினார். சுலேமாவுக்கு விஷயம் பிடிபடவே நேரமாயிற்று. டிக் போட்டு மறுபடி அச்சடித்து, தானே தாளோடு ஓடினார். அதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அடுத்த தேதி பல மாதம் தள்ளி. சுவரைத் தடவியபடி நின்ற பெலிப்பா, "வீட்டுக்குப் போவமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது சுலேமா எல்லோருக்கும் டிக் போட்டுத்தான் அடிக்கிறார். ஆனால் அன்செல்மோ அவரிடம் வருவதில்லை. பக்கத்துக் கடை ரொமுவால்தோவிடம் போகிறார். அவனோ டிக் போடுவதே இல்லை. கேட்டால் சிரிக்கிறான். "திருப்பி அனுப்புனா எங்கிட்டதானக்கா வருவாங்க. ரெண்டு பிரிண்ட்டுக்குக் காசு."

வரும் வியாழன் பெலிப்பாவின் முறை. சுலேமாவிடம் பழைய பதிவு நம்பர் இருந்தது; புதுத் தேதிக்கும் அதேதான். பச்சையோடு சீட்டை அடித்து, சந்தையில் அன்செல்மோவிடம் நீட்டினார்.

"மாமா, இதை மட்டும் வச்சுக்குங்க."

"என் பொண்டாட்டி கண்ணுல மிச்சம் புடிச்ச மையில வீடு கட்டிட்டியா?"

தாளை வாங்கவில்லை. பெலிப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெலிப்பாவுக்கு இப்போது நிழல் மட்டும்தான் தெரிகிறது. அன்செல்மோவுக்கும் பார்வை அரைகுறை. ரொமுவால்தோ கொடுக்கும் தாளில் பச்சை இல்லாததை அவர் கவனிக்கப்போவதில்லை.

வியாழன் காலை அந்த வரிசையில் நிற்கப்போகிற வேறு யாராவது ஒருவருக்கு இது போய்ச் சேரும்வரை பகிருங்கள். நீலத் தார்ப்பாய்க் கடையில் சீட்டு இருக்கிறது. வாங்கி, கேட் திறக்குமுன் அன்செல்மோவின் கையில் கொடுத்துவிடுங்கள். சுலேமா அக்கா கொடுத்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.