ஊசிமுனைப் பொத்தல்கள்

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து முந்திரித்தோப்பில் அவர் காவல்காரர். ஒல்லியான ஆள், செம்மண் ஏறிய பனியன். தரையில் பிளாஸ்டிக் கவர் கிடந்தால் எடுத்து உதறி, நான்காக மடித்து ஒரு மஞ்சள் பைக்குள் வைப்பார். ஆடு தின்றுவிடுமாம்.

அந்தத் தோப்பில்தான் பிளாஸ்டிக்கைத் தின்னும் பூஞ்சையை மண்ணில் கலந்து, எண் எழுதிய கவர்த் துண்டுகளைப் புதைத்திருந்தேன். மாதம் ஒருமுறை பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து போய்த் தோண்டுவேன். முதல் இரண்டு முறை எதுவும் கரையவில்லை. பிறகு துண்டுகள் குறைய ஆரம்பித்தன. “மண்ணு தின்னுடுச்சுங்க மேடம்” என்றார். கல்லூரி முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஒருநாள் அவருடைய மஞ்சள் பையில் என் எண்கள் தெரிந்தன.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க?”

“மூஞ்சி வாடிப்போயி பஸ் ஏறுனீங்க. பாக்க முடியலங்க.”

அவர் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அதில் ஊசிமுனை அளவில் பொத்தல்கள்.

“இது நான் போட்டதில்லைங்க. மண்ணுக்குள்ளயே ஆனது.”

நான் காத்திருந்த பொத்தல்கள் அவை. இன்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். மண் தின்றுவிட்டது என்றபோதும் அப்படித்தான் பார்த்தார்.