ஒரு புரோகிராம், ரெண்டு மிஷின்

ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராமை இன்னொன்றின் மொழிக்கு மாற்றித் தருகிற தொழிலில், எல்லாம் சரியாக ஓடும்வரை யாரும் நம்மைத் தேட மாட்டார்கள். இதில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. தர்மபுரியில் ஒரு சின்ன ஆபீஸ். மிஷின்கள் பெங்களூரில், நாங்கள் புரோகிராமை அட்டைகளில் துளைகளாகப் போட்டு பஸ்ஸில் அனுப்புவோம். மாரண்டஹள்ளிப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்த நான், துளை போட்டுப் போட்டே புரோகிராம் எழுதப் பழகியவள். கையால் மாற்றி மாளாததால், மாற்றுவதற்கே ஒரு புரோகிராம் செய்ய ஆரம்பித்தோம். அது தேறாவிட்டால் வேலை மொத்தத்தையும் பெங்களூர்க்காரர்களுக்கே கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு நான் எங்கே போவேன்? தேற வைத்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

அரை மூட்டை

ஏரியூர்ப் பக்கம் கடலை விதை பங்கிடும் கணக்கு. ஏழு மூட்டையை இரண்டாய்ப் பிரித்தால் பழைய மொழியில் மூன்றரை வரும். புது மொழியோ முழு எண்ணை வகுத்தால் மீதியை விட்டுவிடும். இது தெரியாமல் வகுத்தலை அப்படியே பெயர்த்து வைத்துவிட்டோம். கிடங்கு மேனேஜர் காகிதத்தைப் புரட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, மீதி மூட்டைய உங்க மிஷினுக்குத் தின்னக் குடுத்துட்டீங்களா?"

வால் அறுந்த வரி

வகுத்தலைச் சரிசெய்யப் போய் வரிகள் நீண்டுவிட்டன. ஒரு வரிக்கு ஓர் அட்டை, அதன் கடைசிக் கட்டங்களைப் புது மொழி படிக்காது. அங்கே விழுந்ததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். விடை மட்டும் வரும், தப்பாக. வரியில் வரும் பெயர்களைச் சுருக்கிப் பார்த்தோம், ஆகவில்லை. கடைசியில் நீண்ட கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் விடைக்கும் ஒரு பெயர் வைத்து, அடுத்த வரியில் சேர்க்கும்படி மாற்றும் புரோகிராமைத் திருத்தினேன். கூட வேலை செய்த ஜமீலாக்கா சிரித்தார்: "புள்ளைக்கு ஊட்றாப்பல மிஷினுக்கும் சின்னச் சின்னதா உருட்டித் தரணுங்கறே."

புதுசா வந்தவர்

அடுத்த வாடிக்கையாளரின் மிஷின் வேறு ரகம், மொழியும் வேறு. "மறுபடி மொதல்லருந்தா?" என்று முதலாளி தலையில் கை வைத்தார். நான் அசையவில்லை. புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ளும் பாதியையும், புது மொழியில் எழுதித் தரும் பாதியையும் முன்பே பிடிவாதமாகப் பிரித்து வைத்திருந்தேன். பின்பாதியை மட்டும் புதிதாக எழுதினோம்.

ஒரே கணக்கைப் பழைய வாடிக்கையாளர் மிஷின், புதியவர் மிஷின் ரெண்டிலும் பெங்களூரில் ஓட்டினார்கள். காகிதங்கள் பஸ்ஸில் வந்தன. ஒன்றை ஜமீலாக்கா வாசிக்க, இன்னொன்றை நான் மடியில் குழந்தையோடு சரிபார்த்தேன். ஒரு எண்கூடப் பிசகவில்லை. முதலாளி ரெண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பெங்களூர்க்காரங்கள வேண்டான்னு சொல்லிடறேங்க. மைசூர்ல இன்னொரு மிஷின் இருக்குதாம், அதையும் பாத்துடுங்க."

ஒரு மிஷினைச் சமாளித்ததற்கு இந்தத் தொழிலில் கிடைக்கிற பரிசு இன்னொரு மிஷின்தான்.