அம்மாவுக்குச் சொல்லிவைச்ச வாகனம்

எங்கடை ஊரிலை ஒராளை எயார்போட்டிலை இருந்து கூட்டிவர ஒரு வான் நிறையச் சனம் போகும். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, குழந்தை குட்டியளையும் அள்ளிப்போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்திலை இருந்து கட்டுநாயக்கா மட்டும் போய் வாசல் கம்பியைப் பிடிச்சபடி நிப்பினம். வாற ஆள் தானாய் ஒரு டாக்சி பிடிச்சு வந்திட்டுதெண்டால் அது குடும்பத்துக்கே அவமானம். "கூட்டிவர ஒரு நாயும் போகேல்லையாம்" எண்டு சண்டிலிப்பாய் முழுக்கக் கதைக்கும். எனக்கு உந்தக் கண்டறியாத ஆரவாரம் பிடிக்கிறேல்லை. பிளேனிலை முறிஞ்சு வந்த மனிசர் கால் நீட்ட இடமில்லாமல் அவ்வளவு பேருக்கும் நடுவிலை நெரிஞ்சுகொண்டு வருகுதுகள், அதுக்குப் பேர் வரவேற்பாம்.

அம்மாவுக்கு அது உயிர். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாலும் போவா, பின்வளவு மருமகள் வந்தாலும் போவா. வானிலை இடமில்லை எண்டால் வாங்குக்கட்டையைக் கொண்டுபோய் நடுவிலை போட்டுக்கொண்டு இருப்பா. எந்தத் தூணடியிலை நிண்டால் வாறவையின்ரை முகம் முதல் தெரியும் எண்டதெல்லாம் அவவுக்குப் பாடம். ஆனால் தான் பெத்த பிள்ளைக்காக அவ ஒருநாளும் அந்தத் தூணடியிலை நிண்டதில்லை.

அந்தப் பிள்ளை என்ரை தம்பி. சண்டைக் காலத்திலை, மீசை அரும்பின கையோடை, வெளிநாட்டுக்கு ஆக்களை அனுப்புற ஏஜென்சிக்காரன் ஒருத்தனுக்குப் பின்னாலை சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டவன். அம்மா வாசல் படலை மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துப்போட்டுத் திரும்பி வந்தவ. அவன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தான். பேந்து முப்பது வருசத்துக்கு மேலை ஊர்ப்பக்கம் தலைவைச்சுப் படுக்கேல்லை. முதல் கனடாப் பேப்பர் இல்லை எண்டான். பேப்பர் கிடைச்சாப்போலை பயம் எண்டான். சண்டை முடிஞ்சு, போன சனமெல்லாம் திருவிழாவுக்கு வந்து ஐஸ்கிறீம் குடிச்சுப்போட்டுப் போன பிறகும் இவன்ரை பயம் போகேல்லை.

"எயார்போட்டிலை மறிச்சுப்போடுவாங்கள் அக்கா" எண்டுவான்.

"உன்னை மறிச்சு என்னடா செய்யிறது? சோறு போட்டுக் கட்டாது" எண்டு நான் ஏசுவன். ஏசினால் சிரிப்பான். ஆனால் வரமாட்டான்.

உப்பிடிப் பயந்த ஆக்களுக்கெண்டு கடவுள் சென்னையை வைச்சிருக்கிறார். எங்கடை ஊரிலை எத்தினையோ தாய்மார் பிள்ளையளை அங்கைதான் போய்ப் பார்த்திருக்கினம். இப்ப எங்கடை பலாலி எயார்போட்டிலை ஏறினால் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ளை சென்னை. தம்பி எல்லாத்தையும் கனடாவிலை இருந்தே ஒழுங்குபடுத்தினான். வடபழனியிலை லொட்ஜ். பிளேன் படியடியிலை அம்மாவுக்கு வீல்செயார். எயார்போட் வாசலிலை, அம்மா வசதியா ஏறி இருக்கக்கூடிய பெரிய வாகனம். தான் காலமை வந்து இறங்கி, மத்தியானம் நாங்கள் வரேக்கை பூமாலையோடை வாசலிலை நிப்பன் எண்டான்.

அங்கைதான் பிரச்சினை வெடிச்சுது. அம்மா போனைப் பறிச்சா.

"பெத்தவள் நானோ நீயோ? நான்தான் வெளியிலை நிப்பன். நீதான் உள்ளுக்கை இருந்து வரவேணும்."

"அம்மா, டிக்கெட் போட்டாச்சு. நான்தான் முதல் வந்து இறங்கிறன்."

"அப்ப நான் வந்தாப்போலை நீ திருப்பி உள்ளுக்கை போ. போட்டு வா. நான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

நான் தலையிலை அடிச்சுக்கொண்டன். விசர்க் கதைக்கு ஒரு அளவு வேணும். ஆனால் அவன் அங்காலை பதகளிக்காமல், "ஓமம்மா, நான் திருப்பி உள்ளுக்கை போட்டு வாறன்" எண்டான். அம்மாவுக்கு அது போதும். வாசலிலை நிண்டு பார்க்கிறதுக்கெண்டு புதுச் செருப்பும் வாங்கினா. மிளகாய்த்தூள் வறுத்து இடிச்சுக் கட்டினா. வீல்செயாருக்கு மட்டும், "நானென்ன நொண்டியே?" எண்டு முகத்தைத் திருப்பினா.

நாங்கள் வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் மத்தியானம் சாப்பிட்டுப்போட்டுப் படுத்தவ எழும்பேல்லை. தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைச்சுப்போட்டு நாலுதரம் கூப்பிட்டன். கோபத்தோடை தோளிலை தட்டினன். அவவின்ரை கை குளிர்ந்துபோய்க் கிடந்தது.

தம்பி அந்த நேரம் பிளேனிலை.

அழவேணும் எண்டு எனக்குத் தெரியும். வந்த பெண்டுகள் எல்லாம் என்ரை கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைச்சினம். நான் மரம்மாதிரி நிண்டு, ஆருக்குக் கதிரை இல்லை, ஆருக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லை எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். மனசுக்குள்ளை ஒண்டும் இல்லை. துடைச்சு வைச்ச சட்டிமாதிரி இருந்தது.

அம்மாவின்ரை தம்பி, எங்கடை மாமா, வீட்டு முத்தத்திலை நிண்டு சட்டம் போட்டார். "பெடியனுக்கு ஒருத்தரும் போன் எடுக்கக்கூடாது. அவன் பிறசர்காரன், தனிய வாறான், நடுவழியிலை விழுந்திடுவான். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கவேணும். இவன் ஒரே மகன். பிள்ளை, நீ உன்ரை டிக்கெட்டிலை போ. நேரை சொல்லி, எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வா. நாளையிண்டைக்குப் பின்னேரம் மட்டும்தான் வைச்சிருக்கலாம்."

சவத்தைப் பதப்படுத்த வந்த மலர்ச்சாலைக்காரரும் அதைத்தான் சொல்லிச்சினம். அதுக்குள்ளை அவன் வராட்டி மாமாவின்ரை மகன் கொள்ளி வைப்பான். முப்பது வருசமாய் ஏசியும் வராதவனை ஒரு பகலிலை நான் எப்பிடிக் கூட்டிவாறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. "செத்தவீட்டை விட்டிட்டு மகள் பிளேன் ஏறுறாளாம்" எண்டு குசினிக்குள்ளை ஆரோ சொன்னது மட்டும் கேட்டது.

பிளேனிலை அம்மாவின்ரை சீற் எனக்குப் பக்கத்திலை வெறுமையாக் கிடந்தது. என்ரை கைப்பையை அதிலை வைச்சன். ஏதோ வைக்கவேணும்போலை இருந்தது.

சென்னையிலை படியாலை இறங்க, ஒரு பிள்ளை வீல்செயாரோடை நிண்டாள். கையிலை பிடிச்சிருந்த மட்டையிலை அம்மாவின்ரை பேர். எழுத்து வடிவா இருந்தது. "இவங்க வரலையா மேடம்?" எண்டு கேட்டாள். "வரேல்லை" எண்டன். அவள் வெறும் வீல்செயாரைத் தள்ளிக்கொண்டு போனாள். எனக்கு வழி தெரியாது. அதாலை அதுக்குப் பின்னாலையே நடந்தன். நீட்டு நீட்டு நடைபாதையள், அதின்ரை சில்லு மட்டும் கிறீச் கிறீச் எண்டுது. நொண்டியோ எண்டு கேட்ட மனிசி.

வாசலுக்கு வந்து தம்பியைத் தேடினன். பூமாலையோடை நிக்கிறவன் அம்மா எங்கை எண்டு கேக்கப்போறான், நான் அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ன சொல்லப்போறன்? தம்பி இல்லை. என்ரை பேர் எழுதின தாளோடை ஒரு வயசான டிரைவர்தான் நிண்டார். "சார் ரூம்ல இருக்காரும்மா. உங்களைப் பத்திரமா கூட்டினு வரச் சொன்னாரு" எண்டார். முதல் வந்து வாசலிலை நிப்பன் எண்டவன் ஏன் ரூமிலை எண்டு யோசிச்சிருக்க வேணும். நான் யோசிக்கேல்லை. தப்பினன், போற வழியிலை சொல்லைத் தேடலாம் எண்டு மட்டும் நினைச்சு ஏறிக் குந்தினன்.

அந்த றோட்டுகளைப் பற்றி என்ன சொல்ல! ரயில் பாதை போடுறதுக்கெண்டு நகரத்தைக் கிண்டி வைச்சிருந்தாங்கள். இடப்பக்கம் போகவேண்டிய இடத்துக்கு வலப்பக்கம் போய், பாலத்துக்குக் கீழாலை வளைஞ்சு, வந்த வழியே திருப்பி வந்தம். ஓட்டோக்கள் இடுக்குக்குள்ளாலை வந்து மூக்கை நீட்டிச்சுது. எல்லாரும் கோர்ண் அடிச்சினம், ஒருத்தரும் கோவிக்கேல்லை. எங்கடை ஊரிலை அதிலை அரைவாசி அடிச்சால் வெட்டுக்குத்து. பார்க்கிற போர்டெல்லாம் தமிழ். கதைக்கிறதெல்லாம் தமிழ். எண்டாலும் அந்த நகரத்திலை எனக்குத் தெரிஞ்ச ஒரு முகம் எங்கையோ ஒரு லொட்ஜுக்குள்ளை மட்டும்தான் இருந்தது, அதுக்கும் நான் இடி விழுத்தப் போறன்.

"தம்பி, அம்மா எங்களை விட்டுப் போட்டா." இல்லை, பட்டெண்டு சொல்லக்கூடாது. "தம்பி, முதல் இரு, தண்ணி குடி." ஆளைக் கொல்ல அதுவே காணும். எத்தினை விதமாச் சொல்லிப் பார்த்தாலும் வாய்க்குள்ளை நிண்டுது. நான் அதை ஒருதரும் வாய் விட்டுச் சொன்னதில்லை, ஊரிலை எல்லாரும் எனக்குத்தானே சொல்லிச்சினம். சிவப்பு விளக்கிலை வாகனம் நிண்ட நேரம், இவரிட்டை ஒருக்காச் சொல்லிப் பழகுவம் எண்டு நினைச்சன்.

"அண்ணை, இண்டைக்கு எங்கடை அம்மாவும் வாறதாய் இருந்தது. அம்மா நேற்றுச் செத்துப்போனா."

அவர் கண்ணாடிக்குள்ளாலை என்னைப் பார்த்தார்.

"தெரியும்மா. சார் காலையிலேயே போன் பண்ணாரு. பெரிய வண்டி வேணாம், அம்மா வரல, அக்கா மட்டும்தான் வர்றாங்க, சின்ன வண்டி போதும்னாரு. பாவம்மா, குரலே வரல அவருக்கு."

எனக்கு அப்பதான் வாகனத்தைப் பார்க்கத் தோன்றிச்சுது. குருவிக்கூடுமாதிரிச் சின்னக் கார். வீல்செயார் என்ன, ஒரு குடையை மடிச்சு வைக்கவும் இடமில்லை.

தம்பி லொட்ஜ் வாசலிலை, றோட்டிலை நிண்டான். தலை முழுக்க நரைச்சுப்போச்சு. போனிலை பார்க்கேக்கை இவ்வளவு தெரியிறேல்லை. நான் இறங்கினாப்போலை என்ரை பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டனீங்களோ அக்கா?" எண்டான். நான் "இல்லை" எண்டன். அப்பிடியே ரெண்டு பேரும் பக்கத்துக் கடைக்குள்ளை போய் இருந்தம். இட்டலி வந்தது. ரெண்டு பேரும் தொடேல்லை.

"ஆரடா சொன்னது?"

"மாமாதான்."

"மாமாவோ? அந்தாள்தானே ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டு..."

"மாமா என்னட்டைச் சொல்லேல்லை. இன்ரநெற்றிலை மரண அறிவித்தல் குடுத்திருக்கிறார். டோகாவிலை இறங்கிப் போனைத் திறந்தால், கனடாவிலை இருக்கிற சனம் முழுக்க எனக்கு அனுதாபம் அனுப்பியிருக்குது."

முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைச்ச கதைதான்! செத்தவீடெண்டால் அறிவித்தல் குடுக்காட்டி எங்கடை ஆக்களுக்குக் கட்டை வேகாது. படம் வடிவாப் போடவேணும், பேரப்பிள்ளையள் எந்தெந்த நாடு எண்டு போடவேணும். பெடியனுக்குச் சொல்லாதையுங்கோ எண்டு முத்தத்திலை கத்திப்போட்டு, அந்தக் கையாலையே உலகம் முழுக்க அறிவிச்சிருக்கிறார் மனிசன். பாசமிகு மகன், கனடா, எண்டு இவன்ரை பேரையும் போட்டு.

எனக்குக் கோபம் வந்தது. கோபமாவது வந்துதே எண்டிருந்தது. "தெரிஞ்சால் எனக்கொரு கோல் எடுத்திருக்கலாமே! நான் ஏன் செத்தவீட்டை விட்டிட்டு, இவ்வளவு தூரம், அந்த வெறும் வீல்செயாருக்குப் பின்னாலை..."

"எடுத்திருந்தால் நீங்கள் வந்திருக்கமாட்டியள்."

"பின்னை? நீ நேரை ஊருக்கு வந்திருக்கலாம்தானே?"

அவன் இட்டலித் தட்டைத் தள்ளி வைச்சான். "டோகாவிலை இருந்தே விசா எடுத்திட்டன். நாளைக்குக் காலமை டிக்கெட்டும் ரெண்டு பேருக்கும் போட்டிட்டன். ஆனால் தனிய வந்து இறங்க எனக்குப் பயம் அக்கா. ஆராவது வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் வருவன்."

ஐம்பது வயது தாண்டின மனிசன். நான் அதுக்குப் பிறகு ஒண்டும் ஏசேல்லை. "எயார்போட்டுக்கு ஏன் வரேல்லை?" எண்டு மட்டும் கேட்டன்.

"நீங்கள் மட்டும் வெளியிலை வாறதை என்னாலை பார்க்கேலாது."

அடுத்தநாள் பலாலியிலை லைனிலை நிக்கேக்கை அவன் சின்னப்பிள்ளைமாதிரி என்ரை முந்தானையைப் பிடிக்காத குறை. நெத்தியெல்லாம் வியர்வை. உள்ளுக்கை இருந்தவன் பாஸ்போட்டைப் பிரட்டினான், கொம்பியூட்டரைப் பார்த்தான், கொட்டாவி விட்டுக்கொண்டு முத்திரையைக் குத்தித் தந்தான். முப்பது வருசப் பயம் அவ்வளவும்தான். தம்பி அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நிண்டான். "இதுக்கோ அக்கா?" எண்டான். அம்மா இருந்திருந்தால் நான் ரெண்டு சொல்லு நல்லாச் சொல்லியிருப்பன்.

வெளியிலை மாமா அனுப்பின வான் நிண்டுது. உள்ளுக்கை டிரைவர் மட்டும். இருந்த சனமெல்லாம் செத்தவீட்டிலை. தம்பி வாசல் கம்பியடியிலை கொஞ்சநேரம் நிண்டு, ஆருக்கோ காத்து நிண்ட முகங்களை ஒவ்வொண்டாப் பார்த்தான். நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் ஏத்தினன்.

வீட்டிலை பறை அடிச்சுக்கொண்டிருந்தது. அம்மாவை முத்தத்துப் பந்தலுக்குக் கீழை, படலைப் பக்கம் முகம் தெரியக்கூடியமாதிரி வைச்சிருந்தினம். தம்பி படலையாலை வந்தான். சனம் குழறிச்சுது. மாமா கையை விரிச்சுக்கொண்டு வந்தார். தம்பி அவரை விலத்திக்கொண்டு வந்து அம்மாவின்ரை முகத்தைப் பார்த்தான். குனியேல்லை, தொடேல்லை, அழேல்லை. பார்த்துப்போட்டுத் திரும்பினான். வந்த வழியே விறுவிறெண்டு நடந்து படலையைத் திறந்து றோட்டுக்குப் போனான்.

"ஐயோ, பெடியன் போறான்! ஓடிப்போய்ப் பிடியுங்கோ!" எண்டு மாமா கத்தினார். "அதிர்ச்சியிலை மூளை கலங்கிப்போச்சு" எண்டினம். அம்மாவைச் சுத்தியிருந்த பெண்டுகள் எழும்பி நிண்டு எட்டி எட்டிப் பார்த்தினம்.

எனக்கு மட்டும் தெரியும் அவன் எங்கை போறான் எண்டு. அம்மாவுக்குத் திருப்பிப் போட்டு வாறன் எண்டு சொன்னவன். நெஞ்சுக்குள்ளை என்னவோ உடைஞ்சு, கண்ணாலையும் மூக்காலையும் ஒண்டாய் வந்தது. படலை திரும்பவும் திறக்கிற சத்தம் கேட்டது. நான் அந்தப் பெண்டுகளைப் பிடிச்சுத் தள்ளினன்.

"விலத்துங்கோ! எல்லாரும் விலத்துங்கோ! அம்மாவுக்கு மறைக்குது."