காளியப்பன் கழற்றிய ஒயில் கூலர்

காளியப்பன் என்ற பெயரை மயிலம்மா முதன்முதலில் கேட்டபோது கூடவே ஒரு வசவும் வந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த யுத்தகாலம். வெள்ளவத்தையில் நாகேந்திரம் வீட்டில் அவள் சமையலுக்கு நின்ற காலம். நாகேந்திரம் போனில் கராஜ்காரனோடு கத்திக்கொண்டிருந்தார்.

"காளியப்பனோ? அந்தத் தோட்டக்காட்டானையே என்ர காருக்கு அனுப்பப்போறியள்? உங்களிட்ட வேற ஆக்கள் இல்லையோ?"

இரண்டடி தள்ளி மயிலம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். அவளும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். வேறென்ன செய்ய?

நாகேந்திரத்துக்குப் பிள்ளையில்லை. அந்தக் கார்தான் பிள்ளை. ஜப்பானிலிருந்து வந்த, வேகத்துக்கென்றே செய்த கார். ஞாயிறு விடிந்ததும் காலி வீதியில் அதை உறுமவிட்டு ஓட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்தக் கார் ஒரு கிழமையாய் நின்ற இடத்திலேயே ஒயில் ஒழுக்கிக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கத்தில், பம்பருக்குப் பின்னால், சின்ன ரேடியேட்டர் போல ஒரு பெட்டி. எஞ்சின் ஒயில் கொதித்துப் போகாமல் அதற்குள் ஓடி ஆறித் திரும்பும். அதுதான் ஒயில் கூலர். கம்பனியில் பூட்டியனுப்பிய அந்தக் கூலரின் மூலை வெடித்திருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினான் காளியப்பன். முப்பது வயதிருக்கும், ஒல்லி. ஒரு சாக்குப்பை நிறைய ஸ்பெனர். வேலைக்காரருக்கென்று ஒதுக்கிய தகரக் குவளையில் மயிலம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள்.

"எந்தத் தோட்டம்?"

"நோர்வூட் பக்கங்க. கீழ்க்கணக்கு."

"கீழ்க்கணக்குல யாரு வீடு?"

"குப்பாயி மகன்."

மயிலம்மா அப்படியே நின்றுவிட்டாள். குப்பாயி அவளுடைய அப்பாவுக்குச் சின்னாத்தா மகள். குப்பாயி கலியாணத்தன்று மழையில் லயத்துக் கூரைத்தகரம் பறந்ததும், பந்தியில் பாதிப் பேர் எழுந்து தகரத்துக்குப் பின்னால் ஓடியதும் அவளுக்கு நேற்று நடந்தது போல இருந்தது.

"அட, அத்தை மகனா? அப்ப நீங்க எனக்கு மச்சான் முறை!"

"முறை இருக்கட்டும். தேத்தண்ணிக்குச் சீனி பத்தல."

"இந்த வீட்டுல அவ்வளவுதான் சீனி, மச்சான்."

அவன் காருக்குக் கீழே படுத்தான். அடியில் ஒரு பேசின் சட்டியை வைத்து ஒயிலை வடித்தான். பிறகு ஒரு ஸ்பெனரால் கூலரின் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற ஸ்பெனரால் பைப்பின் நட்டைத் திருப்பினான். ஒற்றை ஸ்பெனரால் திருப்பினால் அலுமினியக் கழுத்து முறுகிப் பிளந்துவிடுமாம். நாகேந்திரம் தலைமாட்டில் நின்றார்.

"பெயின்ற்றில ஒரு கீறல் விழுந்தாலும் உன்ர தோலை உரிச்சுப்போடுவன், விளங்குதோ?"

"விளங்குதுங்க."

கழற்றிய பைப்புகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய ஒரு பம்பு தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுக் காவலுக்கு நின்ற வாச்சர் சிங்களவர். மதிலுக்கு மேலால் காளியப்பன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டான்.

"அய்யே, பொம்பய தென்ன!"

வாச்சர் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார். பிறகு பெரிதாய்ச் சிரித்தார். மயிலம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'அண்ணே, பம்பைத் தாங்க' என்றுதான் அவன் கேட்க நினைத்தது. பம்புக்குச் சிங்களத்தில் ஒரு சொல், வெடிகுண்டுக்கு ஒரு சொல். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உதட்டை இறுக்கி மூடித் திறக்கிற ஒரு சின்ன மூச்சுத்தான். நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் வாயில் வந்தாலும் ஒன்றுதான்.

"பம்பு கேக்கப் போயி குண்டு கேக்குறீங்களே மச்சான்! உதட்ட நல்லா இறுக்குங்க. பொம்ப்... ப்ப!"

"பொம்ப..."

"சுத்தம். உங்களுக்கு வராது."

அவள் சின்ன வயதிலேயே கொழும்புக்கு வேலைக்கு வந்தவள். சிங்களம் அவள் வாயில் தண்ணீராய் ஓடும். அன்று அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மத்தியானம் காளியப்பன் கூலரைத் துடைத்து எடுத்துக்கொண்டு நாகேந்திரத்தின் முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, இதே அளவுல பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகள்ல தேடிப் பாக்கணும். பழசைக் கையில கொண்டு போனாத்தான் சரிவரும். வழி முழுக்க செக்பொயின்ற். இது உங்க கார் சாமான்தான்னு ஒரு துண்டு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"பழைய இரும்பு கொண்டுபோக உனக்குக் கலியாணக் காட் அடிச்சுத் தரவோ? இஞ்ச, போன் நம்பர் எழுதிறன். ஆரும் கேட்டா அடிக்கச் சொல்லு."

கூலரைச் சுற்றிய செய்தித்தாளின் ஓரத்தில் நம்பரை எழுதினார். பெயர் எழுதவில்லை.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. நாகேந்திரம் எடுத்தார். சிங்களத்தில் பொலிஸ், குண்டு என்ற சொற்களைக் கேட்டதும் போனின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டார். முகம் சாம்பலாகிவிட்டது.

"மயிலம்மா, இஞ்ச வா. நீ கதை. அப்பிடி ஒருத்தரையும் தெரியாதெண்டு சொல்லு."

"யாரைங்க?"

"அவனைத்தான். குண்டோட பிடிச்சிட்டாங்களாம்."

"ஐயோ, அவரு நம்ம வேலையாத்தானுங்களே போனாரு..."

"வாயை மூடு. இந்த வீட்டுப் பொலிஸ் பதிவில உன்ர பேர் இல்லை. உன்னட்ட ஐடென்ரிக் காட்டும் இல்லை. அவனைத் தெரியுமெண்டு சொன்னா, முதல்ல உன்னைத்தான் ஜீப்பில ஏத்துவாங்கள். உனக்காக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன்."

தமிழர் வீட்டில் தங்குகிற எல்லோரையும் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; பதிவு செய்யும்போது வேலைக்காரிக்கு எதற்கென்று அவள் பெயரை விட்டதும் அவர்தான்.

மயிலம்மா போனை வாங்கினாள். பொலிஸ்காரர் எரிந்து விழாமல், நிதானமாகத்தான் கேட்டார். ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறோம், பெட்டி போல ஒன்று வைத்திருக்கிறான், இரண்டு வாய், எண்ணெய் சொட்டுகிறது, என்னவென்று கேட்டால் அவனே குண்டு என்கிறான், தாளில் உங்கள் நம்பர் இருக்கிறது, இவனைத் தெரியுமா?

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கூலர் என்றால் காவலுக்கு நிற்கிறவனுக்குத் தெரியாது, பம்பு என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பான். உதட்டை இறுக்காமல் சொல்லியிருப்பான். "சேர், அது பம்பு. அவருக்கு வாயில வராது" என்று அவள் சொன்னால் போதும். அந்தச் சொல்லை அவளைப் போலச் சுத்தமாகச் சொல்ல அந்த வீட்டில் வேறு ஆளில்லை.

நாகேந்திரம் அவள் தோளுக்கு மேலால் குனிந்து நின்றார்.

"தன்னே நே, சேர்," என்றாள் மயிலம்மா. தெரியாது, ஐயா.

இன்னொரு முறை கேட்டார்கள். அவள் இன்னொரு முறை சொன்னாள்.

"கெட்டிக்காரி," என்றார் நாகேந்திரம். "இரவைக்கு அந்த அறக்குளா மீனைப் பொரி."

அவள் பொரித்தாள். அவர் முள் எடுத்துச் சாப்பிட்டார்.

அடுத்த கிழமை வேறு மெக்கானிக் வேறு கூலர் கொண்டுவந்தான். காளியப்பன் விட்டுப்போன ஸ்பெனரை எடுத்தே பூட்டினான். ஒயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கூலருக்குள் போன அளவுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாகேந்திரம் கண்ணேறு கழிய நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு வெளிக்கிட்டார். அந்த ஸ்பெனர்களை மயிலம்மா சாக்கில் சுற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள்.

காளியப்பனை நாலு வருடம் கழித்து விட்டார்கள். கூலர் கூலர்தான் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு நாள் போதுமாயிருந்தது. அதற்குள் வாங்கிய குற்ற ஒப்புதல் கையெழுத்தை விட்டுக்கொடுக்க நாலு வருடம் எடுத்தது.

களனியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு மயிலம்மா சாக்குப்பையோடு போனாள். அவன் ஸ்பெனர்களைத் தொடவில்லை. வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. அவள் தேத்தண்ணி குடித்தாள். அவள் எழும்பும்போது அவன் சொன்னான்.

"அன்னைக்கு அந்த பொலிஸ்காரரு போனை என் காதுலயும் வச்சாரு. நீங்க சிங்களம் சுத்தமாப் பேசுறீங்க, மச்சினி."

அவள் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

காளியப்பன் இப்போது பேலியகொடை மீன் சந்தையில் இடது கையால் ஐஸ் பெட்டி கழுவுகிறான்.